காருக்குப் பொருந்தும் சக்கரமும் டயரும்: அளவு, சுமை, இடம், சட்டம்

கார் ஆலையிலிருந்து வரும்போது பொருத்தப்பட்டிருக்கும் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் வாங்கிய அலாய் வீல்களையும் அகலமான டயர்களையும் மாட்டிக்கொள்ளும் வழக்கம் இந்தியச் சிறுகார் உரிமையாளர்களிடையே வெகுவாகப் பரவியுள்ளது. மாருதி 800 காலத்தில் 12 அங்குல ரிம்மில் 145/70 அளவு டயரே போதுமானதாக இருந்தது. இன்று ஹூண்டாய் கிரெட்டா போன்ற கார்கள் 17 அங்குலச் சக்கரங்களுடன் ஆலையிலிருந்தே வருவதால், சிறிய காரின் உரிமையாளரும் தம் காருக்குப் பெரிய சக்கரம் வேண்டுமென விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சக்கரம் காருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்குக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை, நட்டுகள் ஏறுகின்றனவா என்பதோடு முடிந்துவிடுகிறது.

உண்மையில் பொருத்தம் என்பது மூன்று தனித்தனிக் கேள்விகளின் தொகுப்பாகும். சக்கரம் காரின் ஹப்போடு சரியாக இணைகிறதா என்பது முதல் கேள்வி. மட்கார்டுக்குள்ளும் பிரேக்கைச் சுற்றியும் அதற்குப் போதிய இடம் இருக்கிறதா என்பது இரண்டாவது. காரின் எடையையும் வேகத்தையும் டயர் தாங்குமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கான விடை கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். இரண்டாவதன் விடை, ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதுதான் தெரியும். மூன்றாவது கேள்விக்கான விடையோ, கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும்வரை கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. எனவே தேர்வின் வரிசை சந்தையில் வழங்கும் வரிசைக்கு நேரெதிராக அமைய வேண்டும் என்பதும், சுமையையும் விட்டத்தையும் முதலில் தீர்மானித்து, இணைப்பையும் இடத்தையும் அடுத்துச் சரிபார்த்து, தோற்றத்தைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

டயரின் பக்கச்சுவர் தரும் செய்தி

எல்லாக் கணக்கும் டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்ட குறியீட்டிலிருந்தே தொடங்குகிறது. மாருதி ஸ்விஃப்டின் உயர்வகை மாடல்களில் வரும் 185/65 ஆர்15 88எச் என்ற வகைக் குறியீட்டை எடுத்துக்கொண்டால், 185 என்பது காற்றடைத்த டயரின் குறுக்கு அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. 65 என்பது அந்த அகலத்தில் 65 விழுக்காடு அளவுக்குப் பக்கச்சுவர் உயரமாக இருப்பதைச் சொல்கிறது. ஆர் என்ற எழுத்து, உள்ளிழைகள் டயர் சுழலும் திசைக்குக் குறுக்காக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் செல்லும் ரேடியல் கட்டமைப்பைக் காட்டுகிறது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே குறியீட்டுக்குள் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் ஆகிய மூன்றும் கலந்திருப்பதால், 195 என்ற எண் 185-ஐவிடப் பெரியது என்பதை மட்டும் பார்த்து டயரே உயரமானது என்று முடிவுகட்டிவிட முடியாது.

கடைசியில் வரும் 88எச் என்பதே பலரும் படிக்காமல் விட்டுவிடும் பகுதி. 88 என்பது சுமைக் குறியெண். உரிய காற்றழுத்தத்தில் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். எச் என்பது வேகக் குறியெழுத்து. அது மணிக்கு 210 கி.மீ. என்ற உச்ச வரம்பைக் குறிக்கிறது. அதற்குக் கீழே டி என்றால் 190, எஸ் என்றால் 180. மேலே வி என்றால் 240. இவற்றோடு, நீள்வட்டத்துக்குள் அச்சிட்ட நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2324 என்றிருந்தால், அந்த டயர் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நெடுநாள் கிடங்கில் கிடந்த டயர் புதியதைப் போலவே பளபளக்கும் என்பதால், வாங்குபவர் இந்த எண்ணைக் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

மொத்த விட்டம்

காரின் வேகமானி, பல்சக்கர விகிதம், ஏ.பி.எஸ். எனப்படும் பிரேக் பூட்டுத்தடுப்பு ஆகிய அனைத்தும் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரத்தை நம்பியே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே ரிம் பெரிதானால் பக்கச்சுவர் சுருங்கி, மொத்த விட்டம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். இதற்கான கணக்கு எளிது: பக்கச்சுவரின் உயரத்தை இரண்டால் பெருக்கி, ஓர் அங்குலத்துக்கு 25.4 மி.மீ. என ரிம்மின் விட்டத்தை மாற்றிக் கூட்டினால் போதும்.

ஸ்விஃப்டின் கீழ்வகை மாடல்களில் வரும் 165/80 ஆர்14 டயரின் விட்டம் இக்கணக்கின்படி 619.6 மி.மீ.; உயர்வகையின் 185/65 ஆர்15 டயருக்கு 621.5 மி.மீ. வேறுபாடு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. மாருதி பலேனோவின் உயர்வகையிலும் ஹூண்டாய் ஐ20-இன் உயர்வகையிலும் வரும் 195/55 ஆர்16 டயரைக் கணக்கிட்டால் 620.9 மி.மீ. கிடைக்கிறது. ரிம் 14, 15, 16 அங்குலம் என வளர்ந்தபோதும், உற்பத்தியாளர்கள் மொத்த விட்டத்தை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்தியிருப்பதை இம்மூன்று எண்களும் காட்டுகின்றன. இதற்கு மாறாக, உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 15 அங்குல ரிம்மில் 205/65 டயரை மாட்டினால் விட்டம் 647.5 மி.மீ. ஆகி, நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது.

மூன்று விழுக்காடு வரையிலான வேறுபாட்டை டயர் வணிகம் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கூடுவதும் குறைவதும் ஒரே விளைவைத் தருவதில்லை. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதிமுறை, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்று சொல்வதால், ஆலைகள் அதைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றன. விட்டம் நான்கு விழுக்காடு கூடிய டயர் அந்த உபரியைத் தின்றுவிடக்கூடும். அதன் பின் ஓட்டுநர் பார்க்கும் எண்ணைவிடக் கார் வேகமாக ஓடும். மேலும், 26 மி.மீ. விட்டம் கூடினாலும் தரையிலிருந்து காரின் அடிப்பகுதி உயர்வது அதில் பாதியான 13 மி.மீ. மட்டுமே. இழப்புகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய ஆதாயம்.

சுமை: கண்ணுக்குத் தெரியாத பொருத்தம்

காரின் எடையைத் தாங்குவது ரப்பர் அன்று, அதற்குள் அடைபட்ட காற்று. பக்கச்சுவர் தாழத் தாழக் காற்றுக்கான இடம் சுருங்குகிறது. அதனால் அகலமான, முரட்டுத் தோற்றம் கொண்ட டயர் பழையதைவிடக் குறைவான சுமையையே தாங்கும் நிலை உண்டாகிறது. 185/65 ஆர்15 டயரின் வழக்கமான சுமைக் குறியெண் 88, அதாவது 560 கிலோ. 195/55 ஆர்16 டயருக்கு அது 87, அதாவது 545 கிலோ. இன்னும் ஒரு படி ஏறி 205/45 ஆர்17 அளவுக்குப் போனால், சாதாரண வகையில் 84, அதாவது 500 கிலோ மட்டுமே. நான்கு டயர்களையும் சேர்த்தால் 15 அங்குலத்துக்கும் 17 அங்குலத்துக்கும் இடையே 240 கிலோ தாங்குதிறன் மறைந்துவிடுகிறது. ஆனால் காரின் எடையோ, அதில் ஏறும் குடும்பத்தின் எடையோ குறைவதில்லை.

இந்த இழப்பை ஈடுசெய்யவே எக்ஸ்.எல். என்ற குறியுடன் கூடுதல் சுமை வகை டயர்கள் தயாராகின்றன. 205/45 ஆர்17 அளவில் அவ்வகையின் குறியெண் 88. பழைய 560 கிலோ திரும்பக் கிடைக்கிறது. ஆனால் சாதாரண வகை தன் முழுச் சுமையை 2.5 பார், அதாவது ஏறத்தாழ 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தாங்குகிறது, எக்ஸ்.எல். வகைக்கோ 2.9 பார், அதாவது சுமார் 42 பி.எஸ்.ஐ. தேவை. எக்ஸ்.எல். டயரை வாங்கி, பழைய பழக்கத்தில் 32 பி.எஸ்.ஐ. காற்றை அடைத்து ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் சுமைத்திறன் கிடைப்பதே இல்லை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து சூடேறுகிறது. அச்சூடே டயர் வெடிப்பதற்கு முதன்மையான காரணம்.

பலேனோவில் ஆலையே 88-லிருந்து 87-க்கு இறங்கியிருக்கிறதே என்ற மறுப்பு இங்கு எழலாம். ஆலைக்கு ஒவ்வோர் அச்சின் மீதும் இறங்கும் உச்சச் சுமை துல்லியமாகத் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்ற கணக்கும் கையில் உண்டு. அந்தக் கணக்கில்லாத உரிமையாளர், தம் மாடலுக்கு ஆலை குறித்த சுமைக் குறியெண்ணுக்கும் வேகக் குறியெழுத்துக்கும் கீழே இறங்காமல் இருப்பதே முறை. பேட்டரியின் எடையைச் சுமக்கும் மின்சார கார்களில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஹப்போடு இணைதல்

ரிம்மில் நட்டுகள் அமையும் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டமே கடைகளில் பி.சி.டி. எனப்படுகிறது. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 ஆகியவற்றுக்கு அது 4×100, அதாவது நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டம். ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 5×100, கிரெட்டாவுக்கு 5×114.3. நான்கு துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் மைய இடைவெளியை நேராக அளந்துவிடலாம். ஐந்து துளை ரிம்மில் எதிர்த்துளை இல்லாததால், அடுத்தடுத்த இரு துளைகளின் மைய இடைவெளியை 1.701-ஆல் பெருக்க வேண்டும். மிக அருகிலுள்ள அளவுகளே பெரிய ஆபத்து. ஃபியட் புன்டோவின் 4×98 ரிம்மை 4×100 ஹப்பில் மாட்ட முயன்றால், முதல் நட் ஒழுங்காக ஏறி, மற்றவை சாய்வாக இறுகும். பார்வைக்குப் பொருந்தியதுபோல் தோன்றும் அந்தச் சக்கரத்தின் போல்ட்டுகள் ஓட்டத்தில் தளரவும் முறியவும் கூடும்.

ரிம்மின் நடுத்துளை அடுத்த அளவு. ஸ்விஃப்டின் ஹப் விட்டம் 54.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்கள் பல கார்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால் பெரிய நடுத்துளையோடு வருகின்றன. இடையிலுள்ள வெற்றிடத்தை ஹப் ரிங் எனப்படும் வளையம் நிரப்ப வேண்டும். அவ்வளையம் இல்லாவிட்டால் சக்கரத்தை மையத்தில் நிறுத்தும் வேலை முழுவதும் நட்டுகளின் மீது விழுகிறது. பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் அதிர்வது நிற்கவில்லையென்றால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

நட்டின் இருக்கை வடிவமும் மரையும் மூன்றாவது அளவு. வெளிச்சந்தை ரிம்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு இருக்கை கொண்டவை. ஹோண்டாவின் அசல் நட்டுகளோ உருண்டை முகம் கொண்டவை. கூம்புக் குழியில் உருண்டை நட் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடுவதால் விரைவில் தளரும். மரை அளவில் சுசுகி கார்கள் எம்12×1.25, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்கள் பொதுவாக எம்12×1.5. ஒன்றை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் மரை சிதையும். இறுக்கும் விசைக்கும் அளவு உண்டு: ஹோண்டா கார்களுக்குப் பொதுவாக 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவுக்கு 103. காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்குவதோடு விடாமல், அளவிடும் ஸ்பானரால் சரிபார்த்து, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்ல பட்டறையின் அடையாளம்.

ரிம் அகலமும் ஆஃப்செட்டும்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. 185/65 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரையும், 195/55 ஆர்16 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரையும் ஏற்புடையவை. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரின் குறுக்கு அகலம் சுமார் 5 மி.மீ. கூடும். குறுகிய டயரை மிக அகலமான ரிம்மில் இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் சாய்ந்து, டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவும் ஆபத்து உண்டு. ரிம்மின் ஓரமும் பாதுகாப்பின்றி நடைபாதைக் கல்லில் உரசும்.

ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஆஃப்செட் எனப்படுகிறது. ரிம்மில் அது இ.டி. என்ற எழுத்துகளோடு மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளப்படும். அகலத்தையும் ஆஃப்செட்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 5.5 அங்குல அகலமும் இ.டி. 45-உம் கொண்ட ரிம்முக்கு மாற்றாக, 7 அங்குல அகலமும் இ.டி. 38-உம் கொண்ட ரிம் வருவதாகக் கொண்டால், வெளி விளிம்பு 26 மி.மீ. வெளியே செல்கிறது, உள் விளிம்பும் 12 மி.மீ. உள்ளே செல்கிறது. ஒரே மாற்றத்தில் டயர் மட்கார்டின் ஓரத்தையும் உள்ளே சஸ்பென்ஷன் தூணையும் ஒருங்கே நெருங்குகிறது.

ஆஃப்செட் மாற்றம் இடத்தோடு நிற்பதில்லை. ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் மையத் தொடுபுள்ளிக்கும் இடையிலான தூரத்தை ஆலை கவனமாக அமைத்திருக்கிறது. சக்கரம் வெளியே தள்ளப்பட்டால் அத்தூரம் மாறி, பிரேக் பிடிக்கும்போதும் ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும்போதும் ஸ்டீயரிங் இழுக்கத் தொடங்கும். வீல் பேரிங்கின் மீதான சுமையும் கூடும். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே தகடு வைத்துச் சக்கரத்தை வெளியே கொண்டுவரும் ஸ்பேசர் முறைக்கும் இதே குறைகள் உண்டு; போதாக்குறைக்கு, போல்ட்டின் மீது நட் ஏறும் நீளத்தையும் அது குறைத்துவிடலாம். பிரேக் காலிப்பருக்கான இடைவெளியை எண்களால் முழுதும் அறிய முடியாது. ரிம்மின் கம்பிகள் வளையும் விதத்தைப் பொறுத்து அது மாறுவதால், டயர் ஏற்றுவதற்கு முன்னரே வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்ப்பதே வழி.

பொருளும் தரமும்

அலாய் என்றாலே எடை குறைவு என்ற நம்பிக்கை பாதி உண்மை. உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் ஊற்றி வார்ப்பது மலிவான முறை. வார்த்ததன் வெளிவளையத்தைச் சூட்டில் உருட்டி மெலிதாக்குவது நடுத்தர முறை. பேரழுத்தத்தில் அடித்து உருவாக்குவது வலுவும் விலையும் மிக்க முறை. வார்ப்பு முறையில் செய்த 17 அங்குல ரிம், அதன் டயரோடு சேர்த்து, ஆலையிலிருந்து வந்த 15 அங்குலச் சக்கரத்தைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் இந்த எடை கூடினால் சஸ்பென்ஷன் சாலையைப் பின்பற்றுவது மந்தமாகும், வேகமெடுப்பதும் பிரேக் பிடிப்பதும் கடினமாகும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

ரிம்மில் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும், சுதந்திரமான சோதனையைக் காட்டும் வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால், அது வளைவு, தாக்கம் ஆகிய சோதனைகளைக் கடந்ததற்கு அடையாளம். அகலம், ஆஃப்செட், தாங்கும் சுமை ஆகியவை பொறிக்கப்படாத ரிம்மையும், பிரபல வடிவத்தைப் போலி செய்த முத்திரையற்ற ரிம்மையும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தவிர்ப்பது நல்லது. வளைந்ததை நிமிர்த்தி, வெடித்ததைப் பற்றவைத்து விற்கப்படும் பழைய அலாய்களுக்கும் இது பொருந்தும்.

சாலையும் மழையும்

தாழ்ந்த பக்கச்சுவர் வளைவுகளில் குறைவாக நெகிழ்வதால் ஸ்டீயரிங் சுறுசுறுப்பாகப் பதில் தருகிறது. அகன்ற டயர் காய்ந்த சாலையில் நல்ல பிடிமானம் தருகிறது. இவை மெய்யான ஆதாயங்கள். எனினும் கூர்மையான ஓரமுள்ள குழிகளும் அடையாளமிடாத வேகத்தடைகளும் நிறைந்த சாலையில், தாழ்ந்த பக்கச்சுவர் அடியை ரிம்முக்கே கடத்திவிடுகிறது. பக்கச்சுவரின் இழைகள் அறுந்து அங்கே வீக்கம் தோன்றுவது இத்தகைய அடியால்தான். வீங்கிய டயருக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல் மருந்தில்லை. மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்திலோ, அகன்ற டயர் தன் அகலத்துக்கேற்ப அதிக நீரை விலக்க வேண்டியிருப்பதால், தேங்கிய நீரின் மேல் விரைவில் மிதக்கத் தொடங்குகிறது.

சட்டமும் காப்பீடும்

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்போடு விளக்கியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் மாற்றியமைத்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையவும் கூடாது. ஜெர்மனியில் மாற்றுச் சக்கரத்துக்கு அந்தக் காருக்கென அளித்த ஒப்புதல் ஆவணம் தேவை. அத்தகைய மாடல்வாரி ஒப்புதல் முறை இந்தியாவில் நடைமுறையில் இல்லாததால், அதே மாடலின் வேறொரு வகைக்கு ஆலையே தரும் அளவுக்குள் நின்றுகொள்வதே சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒருசேர இசைந்தது. எப்படியிருப்பினும், செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்; தெரிவிக்காத மாற்றம் இழப்பீடு கோரும் நாளில் மறுப்புக்குக் காரணமாகலாம்.

நான்கு சக்கரங்களை மாற்றி ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடுபவர், மொத்த விட்டம் நெருக்கமாக இருக்கிறதா என்பதையும், புதிய அலாய்க்கு வாங்கிய நட்டுகள் ஸ்டெப்னியின் இரும்பு ரிம்முக்கும் சேருமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சேராவிட்டால் பழைய நட்டுகளைக் காரிலேயே வைத்திருப்பது கட்டாயம்.

முடிவு

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் தேர்வின் வரிசை தெளிவாகிறது. முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியுள்ள சீட்டிலிருந்து ஆலை குறித்த டயர் அளவையும் காற்றழுத்தத்தையும், பக்கச்சுவரிலிருந்தோ கையேட்டிலிருந்தோ சுமைக் குறியெண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். மொத்த விட்டத்தில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் மாறாததும், சுமையிலும் வேகத்திலும் கீழிறங்காததுமான டயர் அளவைத் தீர்மானித்து, அதற்கேற்ற ரிம் அகலத்தையும், பழையதற்கு மிக நெருங்கிய ஆஃப்செட்டையும், சரியான பி.சி.டி., நடுத்துளை, நட் இருக்கை ஆகியவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். வடிவமும் நிறமும் அதன் பின்னரே வரட்டும். சிறிய கார்களைப் பொறுத்தவரை, அதே மாடலின் உயர்வகைக்கு ஆலை தரும் சக்கரமே பெரும்பாலோருக்குப் போதுமான எல்லை. அதைத் தாண்டிச் செல்லும் ஒவ்வோர் அங்குலமும் தோற்றத்துக்குக் கூட்டுவதைவிடக் காரின் இயல்பிலிருந்து கழிப்பதே அதிகம்.